கச்சான் காலத்தில் காய்ந்த தலைமயிர்: எங்கே தொடங்குவது?

கெட்டுப்போன தலைமயிரைப் பழையபடி ஆக்க முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கோபிக்கக்கூடாது. தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மயிர் நகத்தைப் போல உயிரில்லாத பொருள். உடைந்த நகத்தை மருந்து பூசி யாரும் ஒட்டவைப்பதில்லை. வெட்டிவிட்டு, வளர்ந்து வரும்வரை பார்த்திருக்கிறோம். தலைமயிருக்கும் அதுதான் கதி. நகம் சில மாதத்தில் வந்துவிடும், இடுப்புவரை இருந்த பின்னலுக்கு வருடக்கணக்கில் ஆகும். மயிர் மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீற்றர்தான் வளர்கிறது. அந்த இடைக்காலத்தில் மிச்சமிருப்பதை மேலும் கெடவிடாமல் காப்பதுதான் நம் வேலை. 'ரிப்பேர்' என்று எழுதி விற்கிற போத்தல்களும் மேலே ஒரு பூச்சைப் பூசி, வழவழப்பாக்கி, உடைவதைக் குறைக்கின்றன. அதுவும் நல்லதுதான். ஆனால் அதைத் திருத்தம் என்று நம்பிக் காசு கொட்டவேண்டாம்.

(கடலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வாசிப்பவர்கள் முகம் சுளிக்கவேண்டாம். எங்கள் திருகோணமலையில் 'தலைமயிர்' வசைச்சொல் இல்லை. அம்மம்மாவும் டீச்சரும் அப்படித்தான் சொல்வார்கள்.)

எனக்கு இதைக் கற்றுத்தந்தது சொந்த மடத்தனம். அக்காவின் கல்யாணத்துக்காக ஒரு சலூனில் ரீபொண்டிங், அதாவது மருந்து போட்டு மயிரை நேராக்கும் வேலை, செய்தேன். நேராக, பளபளவென்று, நான் பார்த்த விளம்பரம் மாதிரியே இருந்தது. ஆசை விடவில்லை. ஆறு கிழமை கழித்து இன்னோர் இடத்தில் அங்கங்கே பொன்னிறக் கோடுகள் போட்டுக்கொண்டேன். முன்பு என்ன செய்திருந்தேன் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கச்சான் காலம் முழுக்க ஞாயிறு தோறும் நிலாவெளிக் கடல். ஓகஸ்ட் மாதம் ஒருநாள் பின்னலை அவிழ்த்தபோது, நுனியில் ஒரு சாண் அளவு, அவிக்காத நூடில்ஸ் மாதிரி கையோடு முறிந்து வந்தது.

கச்சான் என்றால் எங்களுக்கு இரண்டு பொருள். ஒன்று கடற்கரையில் சுருளில் வாங்கித் தின்னும் நிலக்கடலை. மற்றது மே மாதம் தொடங்கி செப்டெம்பர்வரை மேற்கே இருந்து வீசும் வறண்ட காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் அந்தப் பக்கத்திலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, காய்ந்து சூடாகி எங்கள் பக்கம் இறங்குகிறது. எங்கள் கடல் குளிக்கத் தோதாக அமைதியாக இருப்பதும் இதே மாதங்களில்தான். ஆக வெயில், உப்பு, காற்று மூன்றும் சேர்ந்து அடிக்கிற காலம் இது. திருகோணமலைக்கு மாற்றலாகி வந்த டீச்சர்மார் முதல் வருடமே "இங்கே வந்த பிறகு என் தலை வைக்கோலாகிவிட்டது" என்று புலம்புவதற்குக் காரணம் கிணற்றுத் தண்ணீர் மட்டுமில்லை.

கிடுகுக் கூரையும் மயிரும்

ஒரு மயிரை மிகப் பெரிதாக்கிப் பார்த்தால் அதன் வெளிப்பக்கம் கிடுகு வேய்ந்த கூரை மாதிரி இருக்கும். மெல்லிய செதில்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். கிடுகு ஒழுங்காகப் படிந்திருந்தால் தண்ணீர் வழிந்தோடும், மினுக்கமும் இருக்கும். சாயம், சூடு, வெயில், முரட்டுச் சீப்பு எல்லாம் கச்சான் காற்றைப் போலக் கிடுகைக் கிளப்பிவிடுகின்றன. கிளம்பிய செதில்கள் பக்கத்து மயிரோடு மாட்டிச் சிக்காகும். பிறகு கிடுகு பிய்ந்து, உள்ளே இருக்கும் நார் வெளியே தெரியும். நுனி ஈர்க்குமாறு போலப் பிரிவது அப்போதுதான். இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் பலதுக்குத் தனித்தனியாகக் காரணம் சொல்லத் தேவையில்லை.

முதலில்: உதிர்கிறதா, உடைகிறதா?

இதைப் பார்க்காமல் எதையும் வாங்கவேண்டாம். தலை சீவிய பிறகு விழுந்த மயிர்களை ஒரு வெள்ளைத் துணியில் போடுங்கள். ஒரு நுனியில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளை முடிச்சு இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை அப்படி உதிர்வது எல்லோருக்கும் உள்ளது. முடிச்சே இல்லாமல், குட்டை குட்டையாக, இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருந்தால் நடுவில் உடைந்தது. இந்தக் கட்டுரை இரண்டாவது வகைக்கு.

வேரோடு கொத்தாக உதிர்கிறது என்றால் கடந்த மூன்று மாதத்தை நினைத்துப் பாருங்கள். டெங்குக் காய்ச்சல் வந்ததா? பிள்ளை பிறந்ததா? உடம்பு கண்ட பெரிய களைப்புக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை கணக்குத் தீர்க்கும். பெரும்பாலும் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால், அல்லது காசு அளவில் வட்டமாக வழுக்கை விழுந்தால், டொக்டரிடம் போங்கள். இரும்புச்சத்துக் குறைவுக்கும் தைரொயிட் கோளாறுக்கும் தலையில் எண்ணெய் வைத்துப் பயனில்லை.

இனி ஒரு மயிரை நனைத்து இரண்டு கையாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல மயிர் கொஞ்சம் நீண்டு, விட்டதும் சுருங்கும். பழுதானது உடனே அறும், அல்லது றப்பர் போல நீண்டு அப்படியே தொங்கும். எனக்குத் தொங்கியது. மயிரைக் கிண்ணத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா தாழ்கிறதா என்று பார்க்கச் சொல்வார்களே, அதை நம்பவேண்டாம். கொஞ்சம் எண்ணெய்ப்பசை இருந்தாலே எந்த மயிரும் மிதக்கும்.

தண்ணீரைப் பாருங்கள்

கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறதா? சவர்க்காரம் போட்டால் நுரை வராமல் தயிர் மாதிரித் திரிகிறதா? அப்படியென்றால் உங்கள் வீட்டுத் தண்ணீர் வன்மையானது, சுண்ணாம்பு அதிகம். அந்தத் தண்ணீரில் சவர்க்காரக் கட்டியைத் தலையில் போடவே கூடாது. திரிந்த படிவு மயிரில் ஒட்டி நின்றுவிடும். ஷாம்பூவுக்கு அந்தத் தொல்லை குறைவு. கொதிக்க வைத்து ஆறவிட்டுத் தெளிந்ததை எடுத்தால் சுண்ணாம்பில் ஒரு பங்கு அடியில் தங்கிவிடும். முழுக்குக்கு எல்லாம் கொதிக்க வைக்க யாரால் முடியும்? கடைசியாக ஊற்றும் ஒரு செம்புத் தண்ணீர் மட்டும் அப்படி இருந்தால் போதும்.

கடலோரக் கிணறுகளில் இன்னொரு பிரச்சினை, சவர். உப்பு கொதிக்க வைத்தாலும் போகாது. அப்படிப்பட்ட வீடு என்றால் கடைசிச் செம்புக்குக் குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஒரு வாளி பிடித்து மூடி வையுங்கள்.

மாதம் இரண்டு தரம், 1 லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு அலசலாம். படிவு கழலும், கிடுகு படியும். தேசிப்புளியை நேரே பிழிந்து தேய்ப்பது வேறு கதை: அது மிகக் கடும் புளிப்பு, தலைத்தோலில் பட்டு வெயிலில் போனால் புண்ணாகக்கூடச் செய்யும். எங்கள் வீட்டில் தேசிக்காய் அவித்துத் தலைக்கு வைப்பார்கள் என்று சொல்லப்போகிறீர்கள், தெரியும். நிறையத் தண்ணீரில் அவித்து, ஆறவிட்டு, கழுவியும் விட்டால் அது ஒன்றும் செய்யாது.

முழுகும் நாள்

கிழமைக்கு இரண்டு தரம் முழுகினால் போதும். முந்தின இரவோ, குறைந்தது இரண்டு மணித்தியாலம் முன்னரோ தேங்காயெண்ணெய் வையுங்கள். எண்ணெய் விஷயத்தில் எங்கள் ஆச்சிமார் சொன்னது சரிதான். தேங்காயெண்ணெயில் அதிகமாக உள்ள லோரிக் அமிலம் சின்ன மூலக்கூறு, மயிருக்குள் நுழைகிறது. நனையும்போது மயிர் ஊதிப் பெருப்பதை அது குறைக்கும், உள்ளே இருக்கும் புரதம் கழுவுப்பட்டுப் போவதையும் குறைக்கும். 2003இல் வந்த ஓர் ஆய்வில் தேங்காயெண்ணெயையும், சூரியகாந்தி எண்ணெயையும், பேபி ஒயிலுக்குப் பயன்படும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புரத இழப்பைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான்.

ஆனால் ஆச்சிமார் வைத்த இடம் எனக்குச் சரிவரவில்லை. உச்சியில் ஊற்றி வழியவிடுவார்கள். காய்ந்து கிடப்பது நுனி. உள்ளங்கையில் ஒரு தேக்கரண்டி எடுத்து, காதுக்குக் கீழே உள்ள நீளத்தில் மட்டும் தடவுங்கள். தோள்வரை உள்ள தலைக்கு அது போதும். பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் இரவு முழுக்க எண்ணெய் ஊறவிடவே வேண்டாம், பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு அது சாப்பாடு. எண்ணெயைச் சூடாக்கவும் தேவையில்லை. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழேதான் உறையும். நுவரெலியாக்காரருக்கு அந்தக் கவலை இருக்கலாம், எங்களுக்கு இல்லை.

காலையில், நனைக்கும் முன்பே, பெரிய பல்லுச் சீப்பால் சிக்கெடுங்கள். ஒரு கோப்பைத் தண்ணீரில் ஷாம்பூவைக் கலந்து நுரையாக்கி, தலைத்தோலில் மட்டும் விரல் நுனியால் தேய்க்கவேண்டும். நகத்தால் வேண்டாம். நீளத்தைக் கசக்கவும் வேண்டாம், வழிந்து வரும் நுரையே அதற்குப் போதும். உடுப்புத் தோய்ப்பது மாதிரித் தலைமயிரை உச்சியில் குவித்துக் கசக்குவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். நீங்கள் விடவேண்டிய முதல் பழக்கம் அதுதான்.

அப்புறம் கண்டிஷனர். இதற்கு மட்டும் காசு செலவழியுங்கள் என்பேன், விலை கூடினதாக இருக்கவேண்டும் என்றில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த ஓ/எல் விஞ்ஞானம் ஞாபகம் இருக்கிறதா? பழுதான இடத்தில் மயிருக்கு மறையேற்றம் அதிகம். கண்டிஷனரில் உள்ள பொருட்கள் நேரேற்றம் உள்ளவை. ஆகவே எங்கே பழுது அதிகமோ அங்கே அதிகமாக ஒட்டும். நாம் தேடிப் பூசத் தேவையில்லை. நீளத்தில் பூசி, அதே பெரிய பல்லுச் சீப்பை ஓடவிட்டு, மூன்று நிமிடம் விட்டு அலசுங்கள்.

வெந்தயமும் செவ்வரத்தையும் பிடித்தவர்களுக்கு: இரவு ஊறப்போட்ட வெந்தயத்தையோ செவ்வரத்தம் இலையையோ அரைத்தால் வருகிற அந்த வழுவழுப்புத்தான் மருந்து. அது மயிருக்கு மேலே படிந்து சிக்கை வழுக்கிவிடும். கண்டிஷனர் செய்யும் வேலையில் ஒரு பகுதியை அது செய்கிறது, மலிவாகவும். துணியில் வடித்துப் பூசுங்கள். வடிக்காவிட்டால் மூன்று நாளைக்குத் தலையிலிருந்து வெந்தயத்தோல் உதிரும். முட்டையை மட்டும் தின்றுவிடுங்கள். முட்டைப் புரதம் மயிருக்குள் நுழைய முடியாத அளவு பெரிய மூலக்கூறு. நான் ஒருமுறை முட்டை பூசிச் சுடுதண்ணீர் ஊற்றினேன். அது தலையிலேயே அவிந்தது. மிச்சத்தைச் சொல்லவேண்டியதில்லை.

ஈரத் தலைதான் ஆபத்து

என்னைக் கேட்டால் பாதிப் பழுது குளியலறைக்கு வெளியே வந்த முதல் கால் மணித்தியாலத்தில்தான் நடக்கிறது. நனைந்த மயிர் பலம் குறைந்தது, இழுபடும், சுலபமாக அறும். எங்கள் அம்மம்மா முழுகிவிட்டு முற்றத்தில் குனிந்து நின்று, மயிரை முன்னால் தொங்கவிட்டு, முறுக்கிய துவாயால் சடார் சடார் என்று அடிப்பார். தண்ணீர் சிதறும், வெயிலில் பார்க்க அழகாகவும் இருக்கும். அவருடைய தலைக்குச் சாயமும் இல்லை, அயனும் இல்லை, தாங்கியது. எனக்குத் தாங்கவில்லை.

செய்யவேண்டியது: பழைய பருத்தி ரீசேட் ஒன்றை எடுத்து, மயிரைக் கொத்துக் கொத்தாகப் பொத்திப் பிழியுங்கள். தேய்க்கவேண்டாம். பத்து நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு சிக்கெடுப்பது. இடது கையால் நுனியிலிருந்து நாலு விரல் மேலே இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுப்பு வேருக்குப் போகாது. நுனியை மட்டும் சீவுங்கள். சீப்பு தடையில்லாமல் இறங்கினால் கையை இன்னும் நாலு விரல் மேலே நகர்த்துங்கள். இப்படியே ஏறி ஏறிக் கடைசியில்தான் உச்சி. உச்சியில் வைத்துக் கீழே இழுத்தால் வழியில் உள்ள எல்லாச் சிக்கும் ஒன்றாக இறங்கி ஒரே முடிச்சாகும். அந்த முடிச்சைப் பிய்க்கிற சத்தம் எல்லோருக்கும் தெரியும்.

ஈரத்தோடு கட்டவும் கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் காலை ஐந்தரைக்கு முழுக வைத்து, ஈரத்தோடு இரட்டைப் பின்னல் போட்டு, ரிபனும் இறுக்கி அனுப்பினால், பின்னேரம் அவிழ்க்கும்போதும் உள்ளே ஈரம் இருக்கும். ஒரு புளித்த மணமும் வரும். முழுக்கை முந்தின நாள் பின்னேரத்துக்கு மாற்றுங்கள். முக்காடு போடுபவர்களுக்கும் இதேதான்: காய்ந்த பிறகு மூடுங்கள், உள்ளே போடும் தொப்பி பருத்தியாக இருக்கட்டும். ஸ்கூட்டி ஓடுபவர்கள் விரித்த தலையோடு ஹெல்மெட் போடாமல் தளரப் பின்னிவிட்டுப் போடுங்கள். மெல்லிய றப்பர் பாண்ட் வேண்டாம், துணி சுற்றியது வாங்குங்கள்.

ஹெயார் அயன் பற்றி ஒன்றே ஒன்று. ஈரத் தலையில் அது படவே கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து, மயிருக்குள்ளேயே குமிழாகி, அந்த இடத்தில் முறியும். காய்ந்த தலையில் வைத்தாலும் அளவைக் குறைத்து, ஒரே ஓட்டத்தில் முடியுங்கள். பழுதான தலை என்றால் ஆறு மாதம் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டுவதுதான் என் ஆலோசனை.

கடலுக்குப் போகும் நாள்

போகவேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. திருகோணமலையில் இருந்துகொண்டு கடலுக்குப் போகாமல் என்ன இருப்பு?

இறங்கும் முன் நல்ல தண்ணீரால் தலையை முழுக்க நனையுங்கள். ஏற்கெனவே தண்ணீர் குடித்த மயிர் உப்புத் தண்ணீரை அவ்வளவு உறிஞ்சாது. ஒரு போத்தல் கொண்டுபோனால் போதும். பிறகு தளரப் பின்னி, நுனியைக் கட்டுங்கள். புறாமலைத் தீவுக்குப் படகில் போய் மாஸ்க் போட்டு நீந்துபவர்கள் கவனிக்கவேண்டியது பின்தலையில் வரும் அந்த றப்பர்ப் பட்டி. அது மயிரைப் பிடித்துக்கொள்ளும். கழற்றும்போது ஒரு கொத்தோடு வரும். பட்டியில் பழைய துணி ஒன்றைச் சுற்றிவிடுங்கள். அங்கே போகும் நாளில் தலையில் எண்ணெய் வழிய வைக்கவேண்டாம். அது 2003 முதல் தேசியப் பூங்கா, பவளப்பாறைக்கு நம் எண்ணெய் தேவையில்லை.

கரையேறியதும் உப்புக் காயும் முன்னரே நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். உப்போடு கச்சான் காற்றில் மூன்று மணித்தியாலம் காயவிட்டு, வீட்டுக்கு வந்து சீவுவதுதான் நான் அந்த வருடம் ஒவ்வொரு ஞாயிறும் செய்தது. அன்று ஷாம்பூ வேண்டாம், அலசிவிட்டுக் கண்டிஷனர் மட்டும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனால் ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்றலாம், இளஞ்சூடு தலைமயிரை ஒன்றும் செய்யாது. மதிய வெயிலில் தொப்பியோ சால்வையோ இருக்கட்டும். வெயில் சாயத்தை மட்டுமில்லை, மயிரின் புரதத்தையும் அரிக்கிறது.

ஒக்டோபரில் மழை தொடங்கினால் பிரச்சினை மாறும். காய்வதில்லை, பொடுகு கூடும், பேனும் வரும். அப்போது எண்ணெயைப் பாதியாக்கி, மின்விசிறிக்குக் கீழே நன்றாகக் காயவைத்துக் கட்டுங்கள்.

சலூனில் கேட்கவேண்டியது

ரீபொண்டிங், மயிரைச் சுருட்டும் பெர்மிங், சுருளைத் தளர்த்தும் ரிலாக்ஸிங் எல்லாம் மயிருக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்துச் செய்பவை. நிறம் நீக்கும் பிளீச்சும் அந்தப் பிணைப்புகளைத்தான் தின்னும். ஒன்றின்மேல் ஒன்று செய்தால் மிஞ்சுவது றப்பர். ஆகவே கதிரையில் உட்கார்ந்ததும், கேட்காவிட்டாலும், கடந்த இரண்டு வருடத்தில் என்னென்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். 'கெரட்டின்' என்று பெயரிட்டு நேராக்கும் சிலவற்றில் சூடு படும்போது போர்மல்டிஹைட் ஆவி வரும். கண் எரிந்தால், மூக்கில் குத்தினால், எழுந்து வெளியே வாருங்கள், வெட்கப்படவேண்டாம்.

கடைசியில் கத்தரிக்கோல்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், முதலில் சொல்லியிருந்தால் பாதிப்பேர் வாசிப்பதை நிறுத்தியிருப்பீர்கள். பிரிந்த நுனியை வெட்டாவிட்டால் பிளவு மேலே ஏறும், ஓலைப் பாயில் ஒரு நார் கழன்றது மாதிரி. ஒரேயடியாகக் கழுத்துவரை வெட்டத் தைரியம் உள்ளவர்கள் வெட்டிவிடுங்கள், வேலை மிச்சம். எனக்குத் தைரியம் வரவில்லை. முதலில் அந்த நூடில்ஸ் பகுதியை வெட்டினேன். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 2 சென்டிமீற்றர். மாதத்துக்கு 1 வளர்கிறது, இரண்டு மாதத்துக்கு 2 வெட்டுகிறேன். பார்ப்பவர்களுக்கு நீளம் அப்படியே நிற்பதுபோலத் தெரியும், ஆனால் பொன்னிறக் கோடு மட்டும் கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கடைசிக் கோடு பத்திரிகைத்தாளில் விழ இரண்டரை வருடம் பிடித்தது.

வீட்டில் வெட்டுவதானால் காய்ந்த தலையில், நன்றாகச் சீவி, இரண்டு பக்கமும் முன்னால் எடுத்து விட்டு வெட்டுங்கள். கத்தரிக்கோல் தலைமயிருக்கு என்றே வாங்கியதாக இருக்கவேண்டும். மொட்டையானது மயிரை நசுக்கி, வெட்டிய இடத்திலேயே புதுப் பிளவைத் தொடங்கிவைக்கும். வாங்கியதை அலுமாரியில் துணிகளுக்கு அடியில் ஒளித்து வையுங்கள். கண்ணில் பட்டால் யாராவது பால்மாப் பைக்கற் வெட்ட எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.